பெரிய கம்பெனியில் அஜைல்: எங்கே தொடங்குவது, எதில் கை வைப்பது

தேயிலைத் தோட்டம், ஃபேக்டரி, பேக்கிங், ஏற்றுமதி என்று பல பிரிவுகள் உள்ள ஒரு பெரிய கம்பெனியின் மென்பொருள் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகம் குன்னூரில் இருக்கிறது. சர்வர், டேட்டாபேஸ், நெட்வொர்க் பார்க்கிறவர்கள் கோயம்புத்தூரில். நிதியும் உள்தணிக்கையும் சென்னையில். கொழுந்து எடை, கூலி, பி.எஃப்., ஸ்டோர்ஸ், ஏல விற்பனை எல்லாவற்றுக்கும் மென்பொருளை நாங்களே எழுதுகிறோம். வருடத்துக்கு இரண்டு ரிலீஸ் என்று இருந்ததை இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று மாற்றிய வேலையில் தொடக்கத்திலிருந்தே இருந்தவள் நான். இப்போது அஜைலை (மென்பொருளைச் சின்னத் துண்டுகளாக எழுதி, அடிக்கடி கொடுத்து, பயன்படுத்துகிறவரைக் கேட்டுத் திருத்தும் முறையை) தொடங்கப் போகிற மற்ற கம்பெனிக்காரர்கள் வந்து கேட்கும்போது என்ன சொல்வேனோ, அதையே இங்கே எழுதுகிறேன்.

பத்துப் பேர் கொண்ட ஒரு டீமுக்கு, அஜைலில் அதிகம் பயன்படும் ஸ்கிரம் என்ற முறையைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நாள் போதும். பெரிய கம்பெனியில் சிக்கல் டீமுக்குள் இருப்பதில்லை, டீமைச் சுற்றி இருக்கிறது. எழுதிய கோட் பயன்படுத்துகிறவர் கைக்குப் போக எத்தனை கையெழுத்து வேண்டும், பணம் எப்படி ஒதுக்கப்படுகிறது, டெஸ்ட் செய்கிறவர் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறார், எழுதுகிறவருக்கும் பயன்படுத்துகிறவருக்கும் நடுவே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அப்படியே இருக்க, காலையில் எல்லோரும் வட்டமாக நின்று பேசினால் மட்டும் ஒன்றும் நடக்காது.

அஜைல் பிரகடனம் 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் 17 பேர் கூடி எழுதியது. நான்கு மதிப்பீடுகள், பன்னிரண்டு கொள்கைகள். ஸ்டாண்டப் (தினமும் நின்றபடி பேசும் கூட்டம்), ஸ்பிரிண்ட் (இரண்டு வாரம் போன்ற குறுகிய வேலைச் சுற்று), ஸ்டோரி பாயிண்ட் (வேலையின் அளவுக்கு டீம் போடும் எண்) ஆகியவற்றின் பெயர்கூட அதில் கிடையாது. ஓடுகிற மென்பொருளை அடிக்கடி கொடு என்று இருக்கிறது. வியாபாரம் தெரிந்தவரும் மென்பொருள் எழுதுகிறவரும் தினமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அந்தத் "தினமும்" என்ற சொல்லை எங்கள் கம்பெனியில் நடப்பாக்குவதுதான் மொத்த வேலையும்.

ஒரு வேலை நடந்து போகும் வழியைத் தாளில் எழுதுங்கள்

ட்ரெயினிங் வைப்பதற்கு முன்னால், ஜிரா (வேலைகளைப் பதிந்து பார்க்கும் மென்பொருள்) வாங்குவதற்கு முன்னால், ஆலோசகரைக் கூப்பிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. சமீபத்தில் முடிந்த ஒரு சின்ன மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யார், எந்தத் தேதியில் கேட்டார்? எந்தத் தேதியில் அது அவர் கையில் ஓடத் தொடங்கியது? நடுவே அது எங்கெங்கே, எத்தனை நாள் சும்மா கிடந்தது? ஒரு நீளமான தாளில் இடமிருந்து வலமாக எழுதி, சுவரில் ஒட்டுங்கள்.

நாங்கள் எடுத்தது ஈரக் கழிவு பற்றிய மாற்றம். மழைநாளில் பறிக்கும் கொழுந்தில் தண்ணீர் நிற்கும் என்பதால் எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். உயரமான ஒரு தோட்டத்துக்கு மட்டும் அந்தக் கழிவு விகிதத்தைத் தனியாக வைக்க வேண்டும் என்று தோட்ட மேனேஜர் கேட்டிருந்தார். கோட் எழுதியது அரை நாள். மாற்றங்களுக்கு அனுமதி கொடுக்க மாதத்துக்கு ஒருமுறை கூடும் சேஞ்ச் கமிட்டிக்காகக் காத்திருந்தது, டெஸ்ட் சர்வர் காலியாகக் காத்திருந்தது, டெஸ்டிங் டீமின் வரிசையில் காத்திருந்தது, கடைசியில் அரையாண்டு ரிலீஸுக்காகக் காத்திருந்தது. மழைக்காலத்துக்காகக் கேட்ட மாற்றம் பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தாளை டைரக்டர்களிடம் காட்டுங்கள். "டெவலப்பர்கள் வேகமாக எழுதுவதில்லை" என்ற பேச்சு அதோடு நிற்கும். எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் எத்தனை வேலை கையில் இருக்கிறது என்பதையும் அந்தத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். கையில் கிடக்கும் வேலை கூடக் கூட, ஒவ்வொன்றும் முடிகிற காலமும் நீளும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-லேயே இதைக் கணக்குப் போட்டு நிறுவிவிட்டார். பெரிய கம்பெனிகள் எல்லோரையும் திருப்திப்படுத்த இருபது வேலையைத் தொடங்கும், ஒன்றும் முடியாது. முதல் முடிவே எதை நிறுத்தி வைப்பது என்பதாக இருக்கட்டும்.

முதலில் எந்த வேலை, எந்த மாதம்

முதல் டீமுக்கு யாருக்கும் வேண்டாத விளையாட்டு வேலையைக் கொடுத்தால், அது நன்றாக முடிந்தாலும் "அதெல்லாம் சின்ன விஷயம், எங்களுக்குப் பொருந்தாது" என்பார்கள். அதற்காகக் கூலி சிஸ்டத்தில் தொடங்கவும் கூடாது. பிசகினால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சம்பளம் தவறும். நடுவில் ஒன்று வேண்டும். பயன்படுத்துகிறவர் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அவருக்கு இப்போதைய முறையில் உண்மையான தொல்லை இருக்க வேண்டும். கேட்பது முதல் ஓடுவது வரை எல்லாப் படியையும் தொட வேண்டும். தவறினால் பழைய முறைக்குத் திரும்பிப் போக வழி இருக்க வேண்டும்.

எங்களுக்குக் கொழுந்து எடை அப்படி வாய்த்தது. தோட்டத்தில் எடை போடும் இடத்தில் நோட்டில் எழுதி, மாலையில் ஆபீஸில் அதைப் பார்த்து டைப் அடித்து, அதிலிருந்து கூலி போடுவார்கள். தினக்கூலிக்கு மேலே கூடுதல் கிலோவுக்கு ஊக்கத்தொகை உண்டு என்பதால், ஒரு எண் மாறினால் ஒருவர் கைக்கு வரும் காசு மாறும். நோட்டு எப்படியும் இருக்கிறது. ஆப் நின்றுபோனாலும் வேலை நிற்காது.

மாதமும் முக்கியம். மலையில் ஜனவரி, பிப்ரவரி உறைபனிக் காலம், கொழுந்து குறைவு. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். கொழுந்து கொட்டுகிற மாதத்தில் போய் "புது முறை" என்று நின்றால், முகம் கொடுத்துப் பேசவும் ஆள் இருக்காது. உங்கள் கம்பெனியில் அது ஆண்டு முடிவுக் கணக்காக இருக்கலாம், பண்டிகை விற்பனையாக இருக்கலாம். அந்த மாதத்தை விட்டுத் தொடங்குங்கள். ஊரின் நாட்காட்டியையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் படுகர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கு பேரகணி கிராமத்துக்கும் சொந்த ஹட்டிக்கும் (ஊருக்கும்) போய்விடுவார்கள். அந்த வாரத்தை ஸ்பிரிண்ட் கணக்கில் பாதியாகவே வைப்போம். சென்னையில் வரையும் திட்டத்தில் இதெல்லாம் ஏறாது. டீம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எழுதுகிறவரை எடை போடும் இடத்துக்கு அழைத்துப் போங்கள்

இந்த வழிமுறையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

எங்களிடம் எடை ஆப்புக்கு ஒரு தேவை ஆவணம் இருந்தது. முதல் திரையில் தொழிலாளி பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டாவது திரையில் எடை, மூன்றாவதில் உறுதி செய்ய வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஆவணம். அதன்படி எழுதிய இளைஞனைக் கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கொழுந்து மூட்டையோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். சூப்பர்வைசர் அக்கா கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே குடையை இடுக்கிக்கொண்டு, நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்.

"பேனா இல்லையா அக்கா?" என்று கேட்டான்.

"பேனாவுல எழுதினா மழையில மை ஓடிடும் தம்பி. பென்சில் அப்படியே நிக்கும்."

போனை அவரிடம் கொடுத்தான். ஈர விரல் பட்டதும் திரை வேறு எண்ணைக் காட்டியது. சேலையில் துடைத்தார்; சேலையும் ஈரம். பெயர்ப் பட்டியலைத் திறந்தால் அதில் நான்கு லட்சுமி. அக்கா பெயரைத் தேடவே இல்லை, "இவங்க நாப்பத்தி ஏழு" என்றார். அங்கே எல்லோரும் செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு) நம்பர்தான். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. மூன்று திரையைத் தாண்டும் நேரத்தில் அவர் நோட்டில் நாலு பேருக்கு எழுதிவிட்டிருப்பார்.

நின்றிருந்த ஒரு அம்மா போனை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எடையைச் சத்தமாச் சொல்லுமா?"

அதுவரை அந்தப் பெண்களுக்குத் தன் எடை என்னவாக எழுதப்பட்டது என்று மாலை வரை தெரியாது. தராசு சூப்பர்வைசர் பக்கம் பார்த்திருக்கும். அந்த ஒரு கேள்வி எங்கள் தேவை ஆவணத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆவணம் எழுதும்போது அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் ஆப் மாறியது. பெயர்ப் பட்டியல் போனது, நம்பர் மட்டும். எண்கள் கட்டை விரல் அளவுக்குப் பெரிதாயின. உறுதி செய்யத் திரையைத் தொட வேண்டாம், போனின் பக்கத்தில் இருக்கும் சத்தப் பட்டனை அழுத்தினால் போதும். அழுத்தியதும் "நாற்பத்தி ஏழு, பதினெட்டரை கிலோ" என்று தமிழில் சத்தமாகச் சொல்லும். எதிரே நிற்பவருக்கும் கேட்கும். அந்த ஆப்பைத் தோட்டத்தில் ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை ஒருநாள் சுற்றுலாவாகச் செய்தால் பயனில்லை. டீமில் இருக்கும் ஒவ்வொருவரும், டேட்டாபேஸ் பார்க்கிறவர் உட்பட, முறை வைத்துப் போக வேண்டும். உங்கள் கம்பெனியில் எடை போடும் இடம் என்பது பேங்க் கிளையாக இருக்கலாம், குடோனாக இருக்கலாம், கஸ்டமர் கேர் மேசையாக இருக்கலாம்.

டீமை எப்படிச் சேர்ப்பது

கணினி நிபுணர் மெல்வின் கான்வே 1968-ல் ஒன்றை எழுதினார்: ஒரு நிறுவனம் வடிவமைக்கும் சிஸ்டம், அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே அமையும். எங்களிடம் திரை எழுதுகிறவர்கள் ஒரு டீம், டேட்டாபேஸ் ஒரு டீம், டெஸ்டிங் ஒரு டீம் என்று இருந்தது. மென்பொருளும் அப்படியே மூன்றாகப் பிரிந்து, ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடந்தது. டீம் அமைப்பை மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்ற முடியாது.

ஆகவே ஒரு வேலையை முழுதாக முடிக்கத் தேவையான எல்லோரையும் ஒரே டீமில் வையுங்கள். எழுதுகிறவர், டெஸ்ட் செய்கிறவர், டேட்டாபேஸ் தெரிந்தவர், தோட்ட ஆபீஸிலிருந்து ஒருவர். 2020-ல் வந்த ஸ்கிரம் கையேடு பத்து அல்லது அதற்கும் குறைவு என்கிறது. ஏழெட்டே நல்லது என்பேன். முக்கியம், முழு ஆளாகக் கேளுங்கள். "அவர் இருபது சதவீதம் உங்களுக்கு" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த இருபது சதவீதம் எப்போதும் அடுத்த வாரத்தில்தான் இருக்கும்.

எங்கள் டேட்டாபேஸ்காரர் கோயம்புத்தூரில் இருக்கிறார். வாரத்தில் சில நாள் மலையேறி வருவார், மற்ற நாள் வீடியோ கால். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்துவிட்டால் அதுவும் இல்லை. இதற்கு நாங்கள் வைத்திருக்கும் விதி: ஒருவர் வீடியோவில் இருந்தால் எல்லோரும் அவரவர் மேசையில் வீடியோவில்தான். ஆறு பேர் ஒரு அறையில் பேசிச் சிரிக்க, ஒருவர் மட்டும் சுவரில் சின்னச் சதுரமாகத் தெரிந்தால், அவர் மெல்ல மெல்ல டீமை விட்டு வெளியே போய்விடுவார்.

பிராடக்ட் ஓனராக, அதாவது டீம் எதைச் செய்வது, எது வேண்டாம் என்று முடிவு சொல்கிறவராக, யாரை வைப்பது? பதவியைப் பார்க்காதீர்கள். ஜெனரல் மேனேஜருக்கு அதிகாரம் இருக்கும், நேரம் இருக்காது. ஜூனியரை வைத்தால் நேரம் இருக்கும், "இது இப்போது வேண்டாம்" என்று சொல்ல முடியாது. எங்களுக்கு அமைந்தவர் தோட்டத்தில் பல வருடம் ஃபீல்டு ஆபீசராக இருந்தவர். அவர் "வேண்டாம்" என்றால் அது முடிவு என்று தோட்டப் பிரிவின் டைரக்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டோம். அந்தக் கடிதம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

வேலையைக் குறுக்கே வெட்டாதீர்கள்

பெரிய கம்பெனியில் வளர்ந்த எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. முதல் மாதம் டேபிள் எல்லாம், அடுத்த மாதம் சர்வர் பக்கம், அதற்கடுத்த மாதம் திரைகள், கடைசியில் டெஸ்டிங். இதையே இரண்டு வாரத் துண்டுகளாகப் பிரித்து ஸ்பிரிண்ட் என்று பெயர் வைத்துவிடுவார்கள். முதல் மூன்று ஸ்பிரிண்ட் முடிந்தபின்னும் தோட்டத்தில் யார் கையிலும் ஒன்றும் இருக்காது.

மேலிருந்து கீழ்வரை வெட்டுங்கள். எங்கள் முதல் துண்டு இவ்வளவுதான்: ஒரே தோட்டம், ஒரே எடை போடும் இடம், ஒரே சூப்பர்வைசர். நம்பரும் எடையும் மட்டும் போனில் பதியும். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது என்பதால் மாலையில் ஆபீஸ் வைஃபைக்கு வந்ததும் தானே அனுப்பும். அங்கே பிரிண்டரில் நோட்டைப் போலவே ஒரு தாள் வரும். கூலி இன்னும் நோட்டைப் பார்த்தே போடப்படும். இரண்டாவது துண்டில் ஈரக் கழிவு வந்தது. மூன்றாவதில் தராசிலிருந்து புளூடூத்தில் எடை நேராக வந்தது. கூலி சிஸ்டத்தோடு இணைத்தது அதற்கெல்லாம் பிறகு, நோட்டும் ஆப்பும் மாதக் கணக்கில் ஒத்துப்போன பின்புதான்.

ஒவ்வொரு துண்டிலும் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு வேலை குறைய வேண்டும். யாருக்குக் குறைகிறது என்று பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால், நீங்கள் குறுக்கே வெட்டியிருக்கிறீர்கள்.

"முடிந்தது" என்பதற்கு ஒரு பொருளை எழுதிச் சுவரில் வையுங்கள். எங்களுடையது: காலை எடையில் சூப்பர்வைசர் அதைப் பயன்படுத்தினார். டெவலப்பர் முடித்தார், டெஸ்டர் சரி சொன்னார் என்பதெல்லாம் நடுவழிதான்.

ரிலீஸ்: உண்மையான சண்டை இங்கே

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலை முடிந்து, அது ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வெளியே போகும் என்றால், நீங்கள் வேகமாகக் குடோனை நிரப்புகிறீர்கள், அவ்வளவே. இங்கே இரண்டு பக்கம் வேலை இருக்கிறது.

ஒன்று தொழில்நுட்பம். எல்லோரும் எழுதிய கோடைத் தினமும் ஒரே பிராஞ்சில் (பொதுப் பிரதியில்) மெர்ஜ் செய்ய, அதாவது சேர்க்க, வேண்டும். மெர்ஜ் ஆனதும் பில்டும் (கோடை ஓடுகிற மென்பொருளாக்குவது) டெஸ்ட்டும் தானாக ஓட வேண்டும். புது வசதியை ஃபீச்சர் ஃபிளாக் என்ற ஸ்விட்சுக்குப் பின்னால் வைத்து, முதலில் ஒரு தோட்டத்துக்கு மட்டும் திறக்க வேண்டும். பிசகினால் ஃபிளாக்கை அணைத்தால் போதும். இதற்கு ஆகும் நேரத்தைத் தனித் திட்டமாக ஒதுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், கிடைக்காது. ஒவ்வொரு துண்டின் வேலையிலும் சேர்த்தே எண்ணுங்கள்.

பழைய சிஸ்டத்துக்கு டெஸ்ட்டே இருக்காது. எங்கள் கூலி சிஸ்டம் அப்படித்தான் இருந்தது. எழுதியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், எந்தக் கணக்கு ஏன் அப்படி என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. போன வருடத்தின் பன்னிரண்டு மாத டேட்டாவைப் பழைய கோடிலும் புதிய கோடிலும் ஓட்டி, ஒவ்வொரு தொழிலாளிக்கும் வந்த தொகையைப் பைசா வரை ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் பழையது சரியா புதியது சரியா என்று கூலி எழுதுகிற கிளார்க்கோடு உட்கார்ந்து பாருங்கள். அந்த ஒப்பீடு ஒவ்வொரு மெர்ஜுக்கும் தானாக ஓடும்படி செய்த பிறகே அந்தக் கோடில் கை வைக்க எங்களுக்குத் தைரியம் வந்தது.

இன்னொன்று அனுமதி. சேஞ்ச் கமிட்டியை எதிரியாகப் பார்க்காதீர்கள். தணிக்கைக்காரருக்கு வேண்டியது கூட்டம் இல்லை, ஆதாரம். யார் மாற்றினார், வேறு யார் பார்த்தார், யார் அனுமதித்தார், டெஸ்ட் ஓடியதா, எப்போது புரொடக்‌ஷனுக்குப் போனது? இந்த ஐந்தையும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நம் கருவிகளே பதிந்து வைக்கின்றன. கையெழுத்துப் போட்ட படிவத்தைவிட அது உறுதியான ஆதாரம். எங்கள் தணிக்கை அதிகாரியைக் குன்னூருக்கு அழைத்து, ஒரு மாற்றம் போகும் வழியை முழுதாகக் காட்டினோம். "எழுதினவரே அனுமதிக்க முடியாதபடி சிஸ்டமே தடுக்குமா?" என்று கேட்டார். "தடுக்கும் சார், பாருங்க" என்று அவர் கண்ணெதிரே செய்து காட்டினோம். அதன் பிறகு மாற்றங்களை வகை பிரித்தார்கள். ஆபத்து குறைந்த, திரும்பத் திரும்ப வருகிற வகைக்கு முன்கூட்டியே அனுமதி. கூலி, வரி, விற்பனைக் கணக்கைத் தொடுவது மட்டும் கமிட்டிக்கு.

வகை பிரிக்கும்போது சில வேலைகள் மென்பொருள் மாற்றமே இல்லை என்பதும் தெரியவரும். சிறு விவசாயிகளிடமிருந்தும் நாங்கள் பச்சைத் தேயிலை வாங்குகிறோம். தேயிலை வாரியம் மாதாமாதம் அதற்குச் சராசரி விலை அறிவிக்கும். அந்த எண்ணை மாற்றவும் ஒரு காலத்தில் டெவலப்பரும் கமிட்டியும் வேண்டியிருந்தது. இப்போது நிதிப் பிரிவில் ஒருவர் பதிவார், இன்னொருவர் சரிபார்ப்பார், முடிந்தது.

ரிலீஸுக்கு வேண்டாத நாள்களையும் குறித்து வையுங்கள். குன்னூரில் தேயிலை ஏலம் வாராவாரம் நடக்கும்; ஏலத்துக்கு முந்தின நாள் விற்பனை சிஸ்டத்தை யாரும் தொடுவதில்லை.

கூட்டங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பிரிண்ட் இரண்டு வாரம். தினமும் பதினைந்து நிமிடம், அதுவும் டீம் தங்களுக்குள் பேசிக்கொள்ள. மேலே ரிப்போர்ட் கொடுக்க அல்ல. ரிவ்யூவில் (ஸ்பிரிண்ட் முடிவில் வேலையைக் காட்டும் கூட்டத்தில்) ஸ்லைடு வேண்டாம், ஓடுகிற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா பாருங்கள். ரெட்ரோவில் (வேலை எப்படி நடந்தது, எதை மாற்றுவது என்று டீம் பேசும் கூட்டத்தில்) சம்பள உயர்வு எழுதுகிற மேனேஜர் உட்காரக் கூடாது. அங்கே முடிவான ஒரு விஷயமாவது அடுத்த ஸ்பிரிண்டில் உண்மையில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது ரெட்ரோவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பணமும் தேதியும்

நிதிப் பிரிவு கேட்கும் கேள்வி நியாயமானது: "என்ன செய்யப் போகிறீர்கள் என்றே முழுதாகச் சொல்லாமல், எப்படிப் பணம் ஒதுக்குவது?" இதற்குப் பதில், திட்டத்துக்குப் பதிலாக டீமுக்கு ஒதுக்குங்கள் என்பதுதான். எட்டுப் பேர், ஒரு வருடம், இவ்வளவு செலவு என்பது கூட்டிக் கழித்துத் துல்லியமாகச் சொல்லக்கூடிய எண். அந்த டீம் எதைச் செய்வது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து முடிவு செய்யலாம். பயன் தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்தலாம். பழைய முறையில் பதினெட்டாவது மாதத்தில்தான் தெரியும்.

எங்கள் தோட்டப் பிரிவு டைரக்டருக்கு இது எப்படிப் புரிந்தது என்றால், கொழுந்துச் சுற்றை வைத்துத்தான். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வந்து பறித்தால்தான் இளங்கொழுந்து. சுற்று தள்ளிப்போனால் இலை முற்றிவிடும், எடை இருக்கும், தரம் இருக்காது. "நீங்களும் சுற்று போடுகிறோம் என்கிறீர்கள்" என்றார். பணம் கிடைத்தது.

மாறாத தேதிகளும் உண்டு. பி.எஃப். பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், ஜி.எஸ்.டி. கணக்குக்குத் தேதி உண்டு. "நாங்கள் அஜைல், தேதி சொல்ல மாட்டோம்" என்று எந்த டீமும் சொல்லக் கூடாது. தேதியை ஏற்றுக்கொண்டு, அதற்குள் எது கட்டாயம், எது பிறகு வந்தால் போதும் என்று பிரிப்பதுதான் வேலை.

டீமின் வேகத்தை எண்ணி இன்னொரு டீமோடு ஒப்பிட யாரையும் விடாதீர்கள். ஸ்டோரி பாயிண்ட் அந்த டீமின் சொந்த அளவு. ஒப்பிடத் தொடங்கிய மறு மாதமே எல்லா டீமிலும் பாயிண்ட் ஏறும், வேலை ஏறாது. டைரக்டர்களுக்கு இரண்டு எண் கொடுங்கள்: கேட்டதிலிருந்து கைக்கு வரும்வரை எத்தனை நாள், ரிலீஸுக்குப் பின் எத்தனை தொல்லை. முதல் எண்ணைச் சுவரில் ஒட்டிய தாளில் இருந்தே எடுக்கலாம்.

நடுவில் இருப்பவர்களை மறக்காதீர்கள்

பெரிய கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்து ப்ராஜெக்ட் மேனேஜர் ஆனவர்கள் இருப்பார்கள். டீம் தானே முடிவெடுக்கும் என்று நாம் மேடையில் சொல்லும்போது, அவர்கள் காதில் "இனி நீங்கள் வேண்டாம்" என்றே விழும். அவர்கள் எதிர்க்கிறார்கள் என்று குறை சொல்வது எளிது. பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், வீட்டுக் கடன் எல்லாம் அந்தப் பதவியின் மேல் நிற்கிறது. தொடங்குவதற்கு முன்பே, இந்த மாற்றத்தால் யாருடைய சம்பளமும் கிரேடும் குறையாது என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் வாங்கி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள். கூட்டத்தில் அறிவித்தால் போதாது.

அப்புறம் உண்மையான வேலை கொடுங்கள். எங்கள் மூத்த ப்ராஜெக்ட் மேனேஜர் ஒருவருக்குக் கோயம்புத்தூரில் எல்லா டிபார்ட்மென்ட்டிலும் ஆளைத் தெரியும். ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் தயாரித்துக்கொண்டிருந்தவர், இப்போது டீமின் தடைகளை அகற்றும் வேலையைப் பார்க்கிறார். டெஸ்ட் சர்வர் கேட்டால் வாரக் கணக்கில் ஆகும் என்று இருந்ததை, கேட்ட அன்றே கிடைக்கும்படி செய்தவர் அவர்தான். வேறு யாராலும் அது முடிந்திருக்காது. மதிப்பீட்டு முறையையும் தொடாமல் விட முடியாது. டீமாக வேலை செய் என்று சொல்லிவிட்டு, வருடக் கடைசியில் அதே டீமில் ஒருவரை மேலே, ஒருவரைக் கீழே என்று கட்டாயமாக வரிசைப்படுத்தினால், அடுத்த வருடம் யாரும் யாருக்கும் உதவ மாட்டார்கள்.

இரண்டாவது டீம் முதல் எல்லா டீம் வரை

முதல் டீம் நன்றாகப் போனதும், மேலிருந்து "அடுத்த காலாண்டுக்குள் எல்லா டீமும்" என்று உத்தரவு வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் டீமுக்குக் கிடைத்த டெஸ்ட் சர்வர், முன் அனுமதி, அதிகாரமுள்ள பிராடக்ட் ஓனர் இதெல்லாம் மற்ற டீம்களுக்கும் கிடைக்கும் வேகத்தில்தான் பரவ முடியும். முதல் டீமிலிருந்து ஒருவர், இருவர் விரும்பி அடுத்த டீமுக்குப் போகட்டும். ஆனால் முதல் டீமைக் கலைத்து எல்லா இடத்துக்கும் தூவாதீர்கள். சேர்ந்து வேலை செய்து பழகிய டீம் திரும்பக் கிடைப்பது கடினம்.

பல டீம் சேர்ந்து வேலை செய்ய ரெடிமேட் முறைகள் இருக்கின்றன. சேஃப் (SAFe) என்ற முறை 2011-லிருந்து இருக்கிறது. ஸ்பாட்டிஃபை கம்பெனியின் முறை என்று 2012-ல் வெளியான கட்டுரையைப் பார்த்து, டீமுக்கு ஸ்க்வாட் என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனிகள் ஏராளம். பெயரை மாற்றுவதில் நேரம் செலவழிக்காதீர்கள். டீம்களுக்கு நடுவே சார்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எடை டீம் கூலி டீமுக்காகக் காத்திருக்கிறதா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா டீமையும் ஒரே அறையில் உட்காரவைத்து, யாருக்காக யார் காத்திருக்கிறார் என்று சுவரில் நூல் கட்டிக் காட்டுங்கள். அதிக நூல் எந்த இரண்டு டீமுக்கு நடுவே ஓடுகிறதோ, அங்கே டீமின் எல்லையை மாற்றியமைக்க வேண்டும். அதற்குக் கருவி தேவையில்லை.

கடைசியாக, வெளியிலிருந்து வேலை வாங்கும் கான்ட்ராக்ட். உள்ளே எவ்வளவு மாற்றினாலும், வெண்டரோடு முழுத் தேவையையும் எழுதி, மொத்த விலை பேசிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தப் பகுதி மட்டும் பழையபடிதான் நகரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி பில் வரும். புதுப்பிக்கும்போது மாதத்துக்கு இத்தனை பேர் என்ற கணக்கில் பேசுங்கள். ஒரு மாத நோட்டீஸில் இரு தரப்பும் விலகலாம் என்று ஒரு வரி, கோட் தினமும் நம் ரெப்பாசிட்டரியில் (கோடைச் சேமிக்கும் இடத்தில்) இருக்க வேண்டும் என்று ஒரு வரி, அவர்களின் ஆட்களும் நம் டீமோடு எடை போடும் இடத்துக்கு வர வேண்டும் என்று ஒரு வரி. இந்த மூன்றும் கான்ட்ராக்டில் ஏற, சட்டப் பிரிவோடும் பர்ச்சேஸோடும் நிறைய நாள் பேச வேண்டியிருக்கும். கான்ட்ராக்ட் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.